விசுவாசப் பிரமாணத்தில் விட்டுப்போன வரி

ஐயாதுரைக்கு இருபத்தொன்பது வருஷமாகக் குறை கண்டுபிடிப்பதுதான் உத்தியோகம். ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் தரப் பரிசோதனை சூப்பர்வைசர். கறுப்பு அட்டையில் சுற்றிய நூலை வெளிச்சத்தில் பிடித்தால், எங்கே தடித்திருக்கிறது, எங்கே மெலிந்திருக்கிறது என்று மற்றவர்கள் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனிதரைத்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் சபை தன்னுடைய மூப்பராகவும் வைத்திருந்தது. போதகர்கள் வருவார்கள், மாறிப் போவார்கள். உபதேசம் பிசகாமல் பார்த்துக்கொள்வது மூப்பரின் பொறுப்பு. அந்தச் சபைக்குப் பிரசங்கம் பண்ண வருகிறவர்கள் கடவுளுக்கு அடுத்தபடி ஐயாதுரைக்குப் பயந்தார்கள். சிலர் விஷயத்தில் அந்த வரிசையும் சந்தேகம்தான்.

பயப்படக் காரணம் இருந்தது. பத்து வருஷத்துக்கு முன்பு கோட்டும் சூட்டுமாக ஒரு விருந்தினர் வந்தார். இயேசு உயிர்த்தெழுந்தார் என்பதைச் சீஷர்களின் மனதில் எழுந்த நம்பிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அழகாகப் பேசினார். ஜனங்கள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். பாதிப் பிரசங்கத்தில் ஐயாதுரை எழுந்து நின்று, "அப்போ கல்லறையில என்ன கெடந்துச்சு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். விருந்தினர் காப்பிகூடக் குடிக்காமல் பஸ் ஏறினார். சபையில் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

போன ஜூன் மாதம் ஜெபக்குமார் வந்து சேர்ந்தான். முப்பத்தொரு வயது, உதவிப் போதகர், கைக்குழந்தையோடு ஒரு மனைவி. ஆறு மாதம் அவனைப் பார்த்துவிட்டு மூப்பர் மேலிடத்துக்கு ஓர் அறிக்கை அனுப்ப வேண்டும். அறிக்கை நன்றாக இருந்தால் டிசம்பரில் அவனுக்குப் போதகர் பட்டம். சரியில்லை என்றால் பட்டமும் இல்லை, போதகர் வீடும் இல்லை, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேறு பிழைப்புப் பார்க்க வேண்டியதுதான். அறிக்கைத் தாளில் வரிசையாகக் கேள்விகள் இருந்தன. கடவுள் ஒருவரே, பிதா குமாரன் ஆவியாக இருக்கிறார் என்று நம்புகிறாரா? கிறிஸ்து நம் பாவத்துக்காக மரித்து, மெய்யாகவே எழுந்தார் என்று நம்புகிறாரா? சரீரம் உயிர்த்தெழும் என்று நம்புகிறாரா? தாளின் அடியில், மேற்கண்ட யாவற்றையும் நானும் விசுவாசிக்கிறேன் என்று மூப்பரே கையெழுத்துப் போட ஒரு கோடு. அந்தக் கோட்டை ஐயாதுரை யோசித்துப் பார்த்ததே இல்லை. யாராவது யோசிப்பார்களா?

சந்தேகம் தட்டியது ஜூலை மாதத்தில். அந்தச் சபையில் ஒரு பழைய வழக்கம். எதையெல்லாம் நம்புகிறோம் என்று வரிவரியாக அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லும்போது மொத்தச் சபையும் கிழக்கே பலிபீடத்தைப் பார்த்துத் திரும்பி நிற்கும். போதகரும் ஜனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பிவிடுவார். அவர் முகத்தை யாரும் பார்க்க முடியாது. முன்பெல்லாம் குரலும் கேட்காது. புதிதாகக் காலர் மைக் வாங்கிய பிறகு, முதல் பெஞ்சில் நிற்கும் ஐயாதுரையின் தலைக்கு மேலேயே ஸ்பீக்கரில் போதகரின் குரல் கணீரென்று விழுந்தது. பாவமன்னிப்பு வரைக்கும் வந்தது. அடுத்து 'சரீரம் உயிர்த்தெழுதலும்' என்ற இடத்தில் ஸ்பீக்கர் மௌனமாகிவிட்டது. பிறகு நித்திய ஜீவனில் மறுபடி குரல் வந்தது.

மைக் கோளாறு என்று நினைத்தார். அடுத்த வாரமும் அதே இடத்தில் அதே கோளாறு. எந்த மைக்குக்கு வேதசாஸ்திரம் தெரியும்? மூன்றாம் வாரம் ஐயாதுரை இருபது வருஷமாக உட்கார்ந்த முதல் பெஞ்சை விட்டுவிட்டு, பக்கவாட்டுக் கதவருகே போய் நின்றுகொண்டார். கேட்டவர்களிடம் காற்று வேணும் என்று சொன்னார். அங்கிருந்து பார்த்தால் போதகரின் பக்க முகம் தெரியும். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தார். அந்த இடம் வந்தது. ஜெபக்குமாரின் உதடு அசையவில்லை. தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டு, கண்ணை மூடி நின்றான்.

அந்த நேரத்தில் ஐயாதுரைக்கு வழக்கம்போலத் தொண்டையில் ஒரு கரகரப்பு வந்தது. மில்லில் பஞ்சுத் தூசியைத் தின்று தின்று, பிரமாணத்தின் கடைசிப் பகுதிக்கு வரும்போது ஒரு செருமல் செருமாமல் அவரால் முடிவதில்லை. பெண்கள் பக்கத்து முதல் பெஞ்சிலிருந்து அவர் மனைவி ஜெயபாயின் குரல் எல்லோரும் முடித்த பிறகும் பின்னால் இழுத்துக்கொண்டு வந்தது. அதுவும் அவருக்கு எரிச்சல். மூன்று நான்கு வருஷமாக அவளும் சபையோடு சேர்ந்து ஓடுவதில்லை, அந்தக் கடைசி வரிகளில் எப்போதும் ஓர் எட்டு பிந்திவிடுகிறாள். வயசாகிறது என்று விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு ஜெபக்குமார் எதைச் செய்தாலும் ஐயாதுரையின் கண்ணுக்கு ஒரு காரணத்தோடுதான் செய்தான். மம்சாபுரத்தில் படுக்கையாகக் கிடக்கும் ஒரு விசுவாசியைப் பார்க்க வண்டியில் போனால், அங்கே போய் என்ன போதிக்கிறானோ என்று தோன்றியது. அவன் வீட்டு அலமாரியில் தடித்தடியாக இங்கிலீஷ் புத்தகங்கள் இருந்தன. ஒரு நாள் அதில் இரண்டை இரவல் கேட்பதுபோல் வாங்கிவந்து புரட்டினார். பென்சில் கோடு போட்ட இடமெல்லாம் சரியாகத்தான் இருந்தது. சரியாக இருந்ததே அவரை அதிகம் உறுத்தியது. கோடு போடாத பக்கங்களில்தான் விஷயம் இருக்கும் என்று முடிவு கட்டினார்.

அதைவிட மோசம், அவன் ஐயாதுரையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆராதனை முடிந்து கைகுலுக்கும்போது ஒரு நொடி கூடுதலாகக் கையைப் பிடித்துக்கொண்டு முகத்தைப் பார்ப்பான். தப்புப் பண்ணியவனுக்குத்தான் பிடிபட்டுவிட்டோமா என்ற பயம் இருக்கும், அதனால்தான் பார்க்கிறான் என்று ஐயாதுரை நினைத்தார். வீட்டில் அவர் இல்லாத நேரத்தில் ஒரு முறை வந்து, ஜெயபாயிடம் அரைமணி நேரம் பேசிவிட்டுப் போயிருந்தான். என்ன பேசினான் என்று அவர் கேட்டதற்கு, "ஜெபம் பண்ணுனாக" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள். அரைமணி நேரமாகவா ஜெபம் பண்ணினான்?

நவம்பர் இரண்டாம் தேதி சந்தேகம் கோபமாயிற்று. அன்றைக்குக் கல்லறைத் தோட்டத்தில் பூ வைத்து, போதகர் ஒவ்வொரு கல்லறையாக நின்று, இதில் அடக்கம் பண்ணப்பட்டவர் கடைசி நாளில் எழுந்திருப்பார் என்று நாலு வார்த்தை சொல்லி ஜெபிப்பார். ஐயாதுரையின் அப்பா கல்லறைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பளிங்குக் கல் இருக்கிறது. ஐயாதுரை, ஜெயபாய் தம்பதியின் ஒரே மகன் டென்சிங்கின் பெயர் அதில் இருக்கிறது. மதுரையில் வேலை பார்த்த பையன், இருபத்தேழு வயதில், கொரோனா இரண்டாவது முறை தலைவிரித்தாடிய அந்த மே மாதத்தில் போய்விட்டான். ஊரடங்கு. சபையில் யாரும் போக முடியவில்லை. மதுரையிலேயே காரியம் முடிந்துவிட்டது என்று ஐயாதுரை ஒற்றை ஆளாகத் திரும்பி வந்து சொன்னார். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. அப்புறம் நினைவுக்கு ஒரு கல் நட்டார்.

ஜெபக்குமார் அப்பாவின் கல்லறையில் அந்த நாலு வார்த்தையைச் சொன்னான். டென்சிங்கின் கல்லுக்கு வந்தான். நின்றான். ஒன்றும் சொல்லவில்லை. ஐயாதுரையின் தோளில் கையை வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றுவிட்டு, அடுத்த கல்லறைக்கு நகர்ந்தான். அங்கே போய் மறுபடி எழுந்திருப்பார் என்று ஆரம்பித்தான்.

ஐயாதுரைக்கு உடம்பு முழுக்க எரிந்தது. ஊரில் உள்ளவனெல்லாம் எழுந்திருப்பான், என் பிள்ளை எழுந்திருக்க மாட்டானா? கூடவே ஒரு பயமும் வந்தது. கல்லுக்கடியில் என்ன இருக்கிறது என்று இவனுக்கு எப்படியோ தெரிந்துவிட்டதோ? அந்த நினைப்பை அவர் அப்போதே அமுக்கிப் போட்டார். கோபம் போதும் அவருக்கு.

முழு ஆதாரம் வேண்டும் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்தார். ஜெபக்குமார் காலை ஏழு மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆராதனையை முடித்துக்கொண்டு, பத்து மணிக்கு ராஜபாளையத்தில் இருக்கும் சின்னக் கிளைச் சபையிலும் ஆராதனை நடத்துவான். ஐயாதுரை யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினார். தினமும் வேலைக்குப் போகிற பாதைதான். ஆனாலும் அன்றைக்கு யாராவது பார்த்துவிடுவார்களோ என்று ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே போனார். பஞ்சு மார்க்கெட்டில் இறங்கி நடந்து, ஆராதனை ஆரம்பித்த பிறகு உள்ளே நுழைந்து, தூணுக்குப் பின்னால் கடைசி பெஞ்சில் ஒடுங்கிக்கொண்டார். அறுபதை எட்டப்போகிற மூப்பர் ஒளிந்து நிற்கிற லட்சணம் அவருக்கே சங்கடமாக இருந்தது. ஆனாலும் நின்றார்.

அங்கே எல்லோரும் கிழக்கே திரும்பினார்கள். ஜெபக்குமார் சொன்னான். சரீரம் உயிர்த்தெழுதலும் என்று ஒவ்வொரு எழுத்தும் தெரியச் சொன்னான். ஐயாதுரைக்கு முதலில் வந்தது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். வரவில்லை. இங்கே சொல்கிறான், அங்கே விழுங்குகிறான் என்றால் ஊருக்கு ஒரு வேஷமா? நம்பிக்கை இல்லாதவனையாவது மன்னிக்கலாம், நடிக்கிறவனை எப்படி விடுவது?

ஆராதனை முடிந்து கூட்டம் கலைந்ததும் வாசல் வேப்பமரத்தடியில் அவனைப் பிடித்தார். ஜெபக்குமார் அவரை அங்கே பார்த்ததில் திகைத்த மாதிரித் தெரியவில்லை. அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஜூலையிலிருந்து பார்த்த ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையையும் தேதியோடு அவன் முன்னால் எடுத்து வைத்தார். கல்லறைத் தோட்டத்தையும் சொன்னார். எல்லாவற்றையும் அவன் குறுக்கிடாமல் கேட்டான்.

"நெசந்தான் மூப்பரய்யா. ஸ்ரீவில்லிபுத்தூர்ல அந்த எடத்துல நான் சொல்றதில்ல. நிறுத்திட்டுக் கேக்கேன்."

"எதைக் கேக்கீரு?"

அவன் செருப்பு நுனியால் வேப்பங்கொட்டை ஒன்றைத் தள்ளிக்கொண்டிருந்தான். "அதை நான் சொல்லக் கூடாது. ஒருத்தவுக எங்கிட்ட நம்பிச் சொன்ன விஷயம்."

"சொல்லலேன்னா நான் என்ன எழுதுவேன்னு தெரியும்லா?"

"தெரியும்" என்றான். "கைப்பிள்ளைக்காரி வேற இருக்கா, பயமாத்தான் இருக்கு. ஆனாலும் அது என் வாயால வரக் கூடாது. ஒங்களுக்கு என்ன தோணுதோ எழுதுங்க."

மறைக்கிறவனுக்குச் சொல்ல ஒரு சாக்கு வேண்டாமா, அடுத்தவர் ரகசியம் என்று சொல்லிவிட்டால் யாரும் தோண்ட மாட்டார்கள் என்று திரும்பிவரும் பஸ் முழுக்க ஐயாதுரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அறிக்கைத் தாளை மேஜையில் விரித்தார். சரீரம் உயிர்த்தெழும் என்று நம்புகிறாரா என்ற கேள்விக்கு நேரே 'இல்லை' என்று எழுதப் பேனாவைத் திறந்தார்.

ஜெயபாய் தண்ணீர்ச் செம்போடு பின்னால் வந்து நின்றவள், தாளைப் பார்த்துவிட்டுச் செம்பை மேஜைமேல் வைத்தாள். நடந்தது என்ன என்று கேட்டாள். அவர் சொன்னார். அவன் கேட்கிறானாம், என்னத்தைக் கேட்கிறான், திருட்டுப்பயல் என்று முடித்தார்.

"என்னையத்தான் கேக்காக" என்றாள்.

அவருக்கு விளங்கவில்லை.

"அந்த வரியை நான் ரெண்டு தடவை சொல்றேன். வந்த புதுசுலயே அது அவுக காதுல விழுந்துருக்கு. எதுக்குன்னு வெளங்காம நிறுத்தி நிறுத்திக் கேட்டுருக்காக. பொறவு வீட்டுக்கு வந்து கேட்டாக. சொல்லிட்டேன்."

"ரெண்டு தடவையா? எதுக்கு?"

"ஒண்ணு எனக்கு. ஒண்ணு ஒங்களுக்கு." அவள் நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தாள். "நாலு வருஷமா நீங்க அதைச் சொல்லலியே. அந்த எடம் வந்தா செருமுவீக. மில்லுத் தூசி வாரத்துல ஒரு நாளு, அந்த ஒரு வரிக்கு மட்டுமா வரும்? அது தெரிஞ்ச பொறவு, ஒங்க குரல் என்னைக்கு வரும்னுதான் அவுக நிறுத்திக் கேக்காக."

ஐயாதுரை சொல்கிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். யோசித்துப் பார்த்தார். கடைசியாக அதை எப்போது சொன்னோம் என்று அவருக்கு ஞாபகம் வரவில்லை. அடுத்தவன் உதட்டைப் பார்க்கக் கதவருகே இடம் மாறி நின்ற மனிதர், தன் வாய் மூடியிருந்ததைக் கவனிக்கவே இல்லை.

மதுரை ஆஸ்பத்திரியின் அந்த வராந்தா அவருக்கு ஞாபகம் வந்தது. கவச உடை போட்ட ஓர் ஆள் கையில் அட்டையோடு நின்றான். புதைக்க வேண்டுமென்றால் இரண்டு நாள் காத்திருக்க வேண்டும், தூக்க நாலு பேர் வேண்டும் என்றான். எரிப்பதென்றால் இன்றைக்கே ஆகிவிடும் என்றான். அவருக்கும் காய்ச்சல். வீட்டில் ஜெயபாய்க்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கூட வர ஒரு ஆள் இல்லை. கையெழுத்துப் போட்டார். மறுநாள் சாம்பலை வாங்கிக்கொள்ளக் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. சபையில் காரியம் முடிந்தது என்று மட்டும் சொன்னார். அடக்கம் என்று அவர்களாக நினைத்துக்கொண்டார்கள், அவர் திருத்தவில்லை. கல்லுக்கடியில் மண்தான் இருந்தது.

"எரிச்சதை ஒருத்தரும் குத்தம்னு சொல்ல மாட்டாக" என்றாள் ஜெயபாய். "தீயில எரிஞ்சவுக, கடல்ல போனவுக எப்படி எந்திரிப்பாகன்னு திடப்படுத்தல் வகுப்புல பிள்ளைக கேக்கும்போது, மண்ணுல இருந்து எடுத்தவருக்கு இது ஒரு கஷ்டமான்னு பதில் சொன்னது யாரு? நீங்கதான். ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தீக."

"சொல்லத் தெரியும்" என்றார் ஐயாதுரை. பதில் தெரிந்துதான் இருந்தது. ஒரு எழுத்துப் பிசகாமல் தெரிந்திருந்தது. ஆனால் அந்த வார்த்தையை வாயில் எடுத்தால் சாம்பலை வாங்க வரச் சொன்ன போன் மணி அடிக்கிறது. நாலு வருஷத்தில் முதல் தடவையாக அவர் ஜெயபாய் முன்னால் அழுதார். பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்று சொல்லிச் சொல்லி அழுதார். அவள் பேனா மூடியைத் தேடி எடுத்து மூடி வைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான். கல்லறைத் தோட்டத்தில் ஜெபக்குமார் ஏன் அந்த நாலு வார்த்தையைச் சொல்லவில்லை? இதில் அடக்கம் பண்ணப்பட்டவர் என்று அவனால் பொய் சொல்ல முடியவில்லை என்றாள். உண்மையைச் சொன்னால் உங்கள் மானம் போகும், அதனால் பேசாமல் நின்றான் என்றாள்.

ஆறு மாதமாக ஒருவனை இழை இழையாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர் ஐயாதுரை. அவன் இவருக்காகத் தன் பிழைப்பையே பணயம் வைத்து வாயை மூடிக்கொண்டிருந்தது அவர் கண்ணில் படவே இல்லை. வெட்கத்தில் அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை.

மறுநாள் அறிக்கையைப் பூர்த்தி செய்தார். எல்லாக் கேள்விக்கும் ஆம் என்று எழுதினார். ஒன்றில்கூட அவருக்குத் தயக்கம் வரவில்லை. அடியில் தன்னுடைய கோட்டுக்கு வந்தபோது பேனா நின்றுவிட்டது. மேற்கண்ட யாவற்றையும் நானும் விசுவாசிக்கிறேன். கையெழுத்துப் போடாமல் தாளை மடித்து வைத்தார். புதன்கிழமை சாயங்காலம் போதகர் வீட்டுக்குப் போய், வாசலில் நின்றபடியே, அறிக்கை தயார், ஒரு கையெழுத்து பாக்கி, அது உங்களால் இல்லை என்னால் என்று மட்டும் சொன்னார். ஜெபக்குமார் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் தாராளமாக நேரம் இருக்கிறது என்றான்.

ஞாயிற்றுக்கிழமை ஐயாதுரை கதவருகே போகவில்லை. தன் பழைய இடத்தில், முதல் பெஞ்சில் நின்றார். சட்டைப்பையில் மடித்த தாள் இருந்தது. பிரமாணம் ஆரம்பித்தது, எல்லோரும் கிழக்கே திரும்பினார்கள். ஜெபக்குமாரின் முதுகு தெரிந்தது. பிதாவைச் சொன்னார்கள். குமாரன் பிறந்ததை, மரித்ததை, எழுந்ததைச் சொன்னார்கள். ஐயாதுரையும் சொல்லிக்கொண்டே வந்தார். பாவமன்னிப்புத் தாண்டியதும் ஸ்பீக்கர் மௌனமானது. அவருக்குத் தொண்டையில் அந்தக் கரகரப்பு வந்தது.

செருமவில்லை. வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. சபை அவரை விட்டுவிட்டு நித்திய ஜீவனுக்குப் போய் முடித்துவிட்டது. ஆமென் சொல்ல எல்லோரும் போதகரின் குரலுக்குக் காத்திருந்தார்கள். குரல் வரவில்லை. திரும்பாமல், அசையாமல், தலையைச் சாய்த்தபடி அவன் நின்றுகொண்டிருந்தான். மைக் கெட்டுவிட்டதோ என்று பின்னால் இரண்டு மூன்று பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சரீரம்" என்றார் ஐயாதுரை. உடைந்த குரல், அந்த அமைதியில் எல்லோர் காதிலும் விழுந்தது. மகனின் முகம் கண் முன்னால் வந்தது. மில்லுக்குப் பக்கத்துக் கடையில் வாங்கிக் கொடுத்த நீலச் சட்டை வந்தது. "சரீரம் உயிர்த்தெழுதலும்" என்றார்.

ஸ்பீக்கரில் ஆமென் வந்தது.

ஐயாதுரை பெண்கள் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். பின்னால் இழுத்துக்கொண்டு வரும் குரல் வரவில்லை. ஜெயபாய் எல்லோரோடும் சேர்ந்து முடித்திருந்தாள். அன்றைக்கு அவள் அதை ஒரே ஒரு தடவைதான் சொன்னாள்.